கரிக்கடையில் மிஞ்சும் தூளை எரிபொருளாக்குவது எப்படி?

கரிக்கடை மகன் (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தகப்பனார் நடத்திவந்த விறகு, கரிக் கடையை மூன்று ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். கோலா செபெத்தாங் காளவாய்களில் சுட்டெடுத்த, பாக்காவ் என்னும் சதுப்புநில மரத்தின் கரிதான் எங்கள் சரக்கு. குச்சியில் இறைச்சி சுட்டு விற்கும் சாத்தே கடைகள், மீன் சுடும் கடைகள், திருவிழாக் காலத்தில் சுற்றுவட்டாரத் தோட்டக் கோயில்களின் மடப்பள்ளிகள், கரிப்பெட்டியை இன்னும் கைவிடாத ஒரே ஒரு சலவைக்காரர் ஆகியோர் எங்கள் வாடிக்கையாளர்கள்.

மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுக்கும்போது அடியில் தூளும் நொறுங்கலும் தங்கிவிடுகின்றன. அப்பாவுக்கு அதை வீச மனம் வரவில்லை. பழைய உரச் சாக்குகளில் கட்டி, கடைக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்து வேலியை ஒட்டி அடுக்கிக்கொண்டே வந்திருக்கிறார். நேற்று எண்ணிப் பார்த்தபோது 34 சாக்குகள் இருந்தன.

எரிகிற அடுப்பில் இரண்டு சிரட்டை தூளைக் கொட்டிப் பார்த்தேன். தணல் அமுங்கிச் சிறிது நேரம் புகைந்துவிட்டு அணைந்துபோனது. அடியிலிருந்த நல்ல கரியும் சேர்ந்து அணைந்ததுதான் மிச்சம். கட்டியாக இருந்தபோது அழகாக எரிந்த கரி, தூளான பிறகு ஏன் எரிய மறுக்கிறது? இதை உருண்டையாகவோ வில்லையாகவோ பிடித்து விற்க முடியுமா? செய்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை (ஈப்போ)

தம்பி, உங்கள் தூளில் சூடு குறைந்துவிடவில்லை. நல்ல மரக்கரி ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 28 முதல் 30 மெகாஜூல் வெப்பம் தரும். காற்றில் உலர்ந்த விறகு அதில் பாதியளவுதான் தரும். அது தூளானாலும் கணக்கு மாறாது. மாறுவது காற்றின் வழிதான். கட்டிகளுக்கு இடையே சந்து இருப்பதால் அடியிலிருந்து காற்று ஏறுகிறது. தூளைக் கொட்டினால் அது போர்வை போல மூடிக்கொள்கிறது. மேல்தோல் மட்டும் கருகி, உள்ளே மூச்சு முட்டிவிடுகிறது.

இதே தூள் காற்றோடு கலந்துவிட்டால் கட்டியைவிட வேகமாக எரியும். அனல் மின் நிலையங்களில் நிலக்கரியை வேண்டுமென்றே முகத்துக்குப் பூசும் மாவு போல அரைத்து, காற்றோடு சேர்த்து உலைக்குள் ஊதுகிறார்கள். ஆகவே தூள் கெட்ட எரிபொருள் என்று எண்ண வேண்டாம். அதைக் கட்டியாக்கி நடுவே காற்றுக்குச் சந்து உண்டாக்கிக் கொடுத்தால் போதும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். களிமண்ணையோ மெழுகையோ அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். கரித்தூளுக்கு அந்தப் பசைத்தன்மை கிடையாது. எவ்வளவு அழுத்தினாலும் காய்ந்தவுடன் உதிர்ந்துவிடும். ஆகையால் ஒட்டுப்பொருள் ஒன்று கட்டாயம் வேண்டும். மாவுச்சத்துதான் அதற்கு மிக எளிது. நம் நாட்டில் மரவள்ளி மாவு கிடைக்காத மளிகைக் கடை இல்லை.

முன்னாள் மண்டோர் (கோல கங்சார் பக்கம்)

ஆசிரியை அம்மா சொன்ன காரணத்தை நாங்கள் அறியாமலிருந்தோம்; ஆனால் வேலையை அறிந்திருந்தோம். நான் பிறந்தது ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். வயதான பால்மரங்களை வெட்டிய கட்டைகள்தாம் எங்கள் விறகு. இரவுச் சமையல் முடிந்ததும் அம்மா எரிகிற கொள்ளிகளைத் தண்ணீர் தெளித்து அணைத்துக் கரியாக எடுத்து வைப்பார்கள். அதில் பெரியதெல்லாம் கரிப்பெட்டிக்குப் போகும்; பொடியெல்லாம் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றில் சேரும்.

தகரம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை, மூன்று பங்கு பொடிக்கு ஒரு பங்கு பசுஞ்சாணி, ஒரு பிடி புற்றுமண், முதல் நாள் சோறு வடித்த கஞ்சி ஆகியவற்றை விட்டுப் பிசைவார்கள். தளர இருக்கக்கூடாது. கையில் பிடித்து இறுக்கினால் விரல் இடுக்கில் தண்ணீர் கசியாமல், விரல் பதிந்த தடம் மட்டும் நிற்க வேண்டும். அந்தத் தடத்தோடேயே தகரக் கூரையின்மேல் வரிசையாக வைப்பார்கள். ஒவ்வோர் உருண்டையிலும் நான்கு விரலும் ஒரு கட்டை விரலும் தெரியும். எங்கள் வீட்டு உருண்டை எது, பக்கத்து வீட்டு அத்தையின் உருண்டை எது என்று தடத்தை வைத்தே சொல்லிவிடுவோம்.

மழை இருட்டிக்கொண்டு வந்தால் பிள்ளைகளுக்கு முதல் வேலை கூரையில் ஏறுவதுதான்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை (ஈப்போ)

ஐயா, உங்கள் தாயாரின் வடிகஞ்சிதான் நான் சொன்ன மாவுச்சத்து. சாணியில் உள்ள நாரும் பிடிமானம் தருகிறது. புற்றுமண்ணில்தான் எனக்குத் தயக்கம். மண் எரியாது, போட்ட அளவு அப்படியே சாம்பலாக நிற்கும். விற்பனைக்குச் செய்பவர் கிலோக் கணக்கில் மண்ணையும் சேர்த்து விற்றால் வாங்கியவர் மறுமுறை வரமாட்டார்.

முன்னாள் மண்டோர் (கோல கங்சார் பக்கம்)

அம்மா, விற்பவருக்கு அது குற்றம்தான். எங்களுக்கு அந்தச் சாம்பல்தான் தேவைப்பட்டது. விடியற்காலையில் தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்க வேண்டுமென்றால் நான்கு மணிக்கே அடுப்பு பற்ற வேண்டும். இரவில் இரண்டு உருண்டைகளைத் தணலில் புதைத்துவிட்டுப் படுத்தால், அதன்மேல் சாம்பல் தோல் போலப் படிந்துகொள்ளும். உள்ளே கனல் ஊமையாகக் கிடக்கும். காலையில் குச்சியால் தட்டித் தோலை உடைத்து, ஊதுகுழலால் இரண்டு முறை ஊதினால் போதும், தீப்பெட்டி வேண்டியதில்லை. மண் போடாத உருண்டை நடு இரவிலேயே எரிந்து தீர்ந்துவிடும். எந்த வேலைக்கு எந்த உருண்டை என்று பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை (ஈப்போ)

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. காற்றைக் குறைப்பதும் ஒரு தேவையாக இருக்கலாம் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பத்து ஆராங் பேரன் (ரவாங்)

ஓர் எச்சரிக்கை. இங்கே அனைவரும் மரக்கரியைப் பற்றிப் பேசுகிறீர்கள். தலைப்பை மட்டும் படித்துவிட்டு வருபவர் நிலக்கரித் தூளுக்கும் இதே முறை பொருந்தும் என்று எண்ணிவிடக்கூடாது. தமிழில் இரண்டுமே கரிதான். மலாயிலும் மரக்கரி ஆராங், நிலக்கரி ஆராங் பத்து. எங்கள் ஊரின் பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

என் பாட்டனார் பத்து ஆராங் சுரங்கத்தில் வேலை செய்தவர். 1915 முதல் 1960 வரை மலாயன் காலியரீஸ் நிறுவனம் அங்கே நிலக்கரி வெட்டியது. ரயில்களும் ஈயச் சுரங்கங்களும் மின் நிலையங்களும் அதை எரித்தன. அவர் வீட்டில் சொன்ன ஒரு விதியை இன்றும் நாங்கள் மறக்கவில்லை: நிலக்கரித் தூளைக் குவித்து வைக்காதே. வெட்டியெடுத்த நிலக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல மெல்ல உறிஞ்சிச் சூடாகும். தரம் குறைந்த நிலக்கரியில் இது அதிகம்; தூளாக இருந்தால் பரப்பும் பெரிது. குவியலின் உள்ளே சூடு வெளியேற வழியில்லாமல், யாரும் பற்றவைக்காமலேயே புகையத் தொடங்கிவிடும்.

உணவுக்கும் அது ஆகாது. நிலக்கரியில் கந்தகம் உண்டு; ஆர்செனிக், பாதரசம் போன்றவையும் சிறு அளவில் இருக்கும். இறைச்சியை அதன் நேர் தணலில் சுடக்கூடாது. கொரியாவில் ஆந்த்ரசைட் நிலக்கரித் தூளை அழுத்தி, பெரும்பாலும் 22 துளைகள் இட்ட உருளைகளாக வீட்டைச் சூடாக்கப் பயன்படுத்தினார்கள். அந்தத் துளைகளும் ஆசிரியை சொன்ன காற்று வழிதான். ஆனால் அதன் நச்சு வாயு குளிர்கால இரவுகளில் ஏராளமான உயிர்களைக் குடித்திருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கி ‘லெகோ’ என்ற பெயரில் வீட்டு அடுப்புக்கு விற்றார்கள் என்று தமிழகத்து உறவினர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். அது முதலில் ஆலையில் சுட்டுப் புகையை நீக்கிய பிறகு செய்தது. பச்சை நிலக்கரித் தூளை வீட்டில் உருண்டை பிடிப்பதும் அதுவும் ஒன்றல்ல.

கரிக்கடை மகன் (சுங்கை சிப்புட்)

நன்றி, அண்ணே. எங்களிடம் இருப்பது பாக்காவ் கரித்தூள் மட்டுமே. நிலக்கரி ஒரு பிடிகூட இல்லை. ஆயினும் அந்தக் குவியல் செய்தி என்னைத் துணுக்குறச் செய்தது. மரக்கரித் தூளுக்கும் அந்த ஆபத்து உண்டா?

லாரிக்காரர் (தைப்பிங்)

உண்டு, தம்பி. ஆனால் பழைய தூளுக்கு அவ்வளவு இல்லை; புதுக் கரிக்குத்தான். நான் செபெத்தாங் காளவாய்களிலிருந்து கரி ஏற்றி வருபவன். அந்தப் பாக்காவ் மரம் வளரும் மாத்தாங் சதுப்புக்காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். ஒரு பகுதியை வெட்டினால் மறுபடி அதே இடத்தில் வெட்ட 30 ஆண்டுகள் காத்திருக்கும் சுழற்சி. தோல் உரித்த கட்டைகளைக் குவிமாடம் போன்ற செங்கல் காளவாய்க்குள் நிமிர்த்தி அடுக்கி, வாயை மூடி, வாரக் கணக்கில் சுடுவார்கள். புகையின் நிறத்தையும் வாசத்தையும் வைத்தே பெரியவர் பதம் பார்ப்பார். பிறகு முற்றிலும் மூடி ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்த கரியை மூட்டை கட்டினால், வெளியே தொடக் குளிர்ச்சியாக இருக்கும். வழியில் லாரிக்குள் புகையும். ஒரு முறை பட்டிருக்கிறேன். தார்ப்பாயை விலக்கியபோது நடு மூட்டை சிவப்பாக இருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது வேறு. காளவாய்த் தரையிலிருந்து வாரிய தூளும் சில மூட்டைகளில் கலந்து வரும். அதில் மணலும் செங்கல் பொடியும் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை (ஈப்போ)

மிக நல்ல யோசனை. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கைப்பிடி தூளைப் போட்டுக் கலக்குங்கள். மணல் உடனே அடியில் இறங்கும். கரி மிதக்கும் அல்லது நெடுநேரம் தொங்கிக்கொண்டிருக்கும். மறுநாள்வரை விட்டால் கரியும் நீர் குடித்து இறங்கிவிடும். ஆகவே உடனே பார்க்க வேண்டும். இன்னொரு வழியும் உண்டு: ஒரு தேக்கரண்டித் தூளைத் தகர மூடியில் வைத்து அடுப்பின்மேல் முழுதும் எரித்துவிட்டு, மிஞ்சுவதை விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவாக இருந்தால் மரச் சாம்பல், நறநறவென்றிருந்தால் மணல்.

சலிக்கும்போது கதவு, சன்னல் அடைத்த அறையில் சலிக்காதீர்கள். 1906ஆம் ஆண்டு பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் காற்றில் பறந்த நிலக்கரித் தூசு வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உங்கள் கொட்டகை சுரங்கமன்று; ஆனாலும் காற்றோடு கலந்த தூள் எவ்வளவு வேகமாக எரியும் என்பதை முன்பே சொன்னேன். தூளை இலேசாக ஈரப்படுத்தி, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, வெட்டவெளியில், பக்கத்தில் பீடி குடிப்பவர் எவரும் இல்லாமல் சலியுங்கள்.

இரவுச் சந்தை சாத்தே (சுங்கை சிப்புட்)

தம்பியின் வாடிக்கையாளன் என்ற முறையில் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த உருண்டை வேண்டாம். சாத்தே சுடுபவனுக்கு, விசிறினால் நெருப்பு எழ வேண்டும், விசிறியைக் கீழே வைத்தால் அடங்க வேண்டும். கடையில் விற்கும் கரி வில்லைகளை ஒரு முறை வாங்கிப் பார்த்தேன். பற்றவே அரை மணி நேரம் ஆயிற்று. பற்றிய பிறகு நெடுநேரம் நின்று எரிந்தது உண்மைதான். ஆனால் விசிற விசிறச் சாம்பல் பறந்து கறியில் ஒட்டியது. சாணி கலந்தது என்று தெரிந்தால் ஒருவரும் என் கடைப் பக்கம் வரமாட்டார். நீண்ட நேரம் ஒரே சீரான சூடு கேட்பவரைத் தேடிப் போங்கள்.

புதியவன்

பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றிப் பிசைந்தால் எளிதில் பற்றும் அல்லவா?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை (ஈப்போ)

பற்றும். உலோகக் கழிவும் நச்சுப் புகையும் சேர்ந்தே எழும். வேண்டவே வேண்டாம்.

கரிக்கடை மகன் (சுங்கை சிப்புட்)

சாக்குகளைச் சோதித்துவிட்டேன். 34-இல் 9 சாக்குகளில் மணல் மிகுதி; அவற்றை ஒதுக்கிவிட்டேன். அம்மா அதிலிருந்து ஒரு வாளி எடுத்துக்கொண்டுபோய்க் கத்தரிச் செடிகளுக்குப் போட்டுவிட்டார். மற்றவற்றைச் செய்து பார்க்கப் போகிறேன். 10 கிலோ தூளுக்கு மாவும் தண்ணீரும் எவ்வளவு?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை (ஈப்போ)

10 கிலோவுக்கு 500 கிராம் மரவள்ளி மாவு, தண்ணீர் மொத்தம் 5 லிட்டர் அளவில் தொடங்குங்கள். உதிர்ந்தால் மாவை 800 கிராம்வரை கூட்டலாம். மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சுவதுபோல, முதலில் ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் கரைத்து, பிறகு கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி போலத் தெளியும்போது இறக்கி, சூடாக இருக்கும்போதே தூளில் ஊற்றிப் பிசையுங்கள். தூளோடு சிறு நொறுங்கலும் கலந்திருந்தால் நல்லது. முழுக்க நைந்த தூளுக்கு மாவு அதிகம் பிடிக்கும்.

அச்சுக்கு இரண்டு அங்குலப் பிளாஸ்டிக் குழாயைச் சாண் நீளம் அறுத்துக்கொள்ளலாம். நடுவில் விரல் பருமனுள்ள குச்சியை நிறுத்தி, சுற்றிலும் அடைத்து, கட்டையால் இடித்து, குச்சியை உருவிவிட்டுத் தள்ளினால் நடுத்துளையுடன் உருளை வரும்.

முன்னாள் மண்டோர் (கோல கங்சார் பக்கம்)

தம்பி, செய்வதைவிடக் காய வைப்பதில்தான் தோற்பீர்கள். நம் ஊரில் வெயில் காலையில் மட்டும். பிற்பகல் மூன்று மணிக்கு மழை. மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்தால் இரண்டே நாளில் கஞ்சி புளித்துப் பூஞ்சணம் பூத்துவிடும். தகரத்தின்மேல் வைத்து, மேலே கண்ணாடித் தாள் பந்தல் போட்டு, பக்கங்களைத் திறந்துவிடுங்கள். முதல் நாள் திருப்பாதீர்கள், உடையும்.

காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள இரண்டை ஒன்றோடொன்று தட்டுவோம். ஈரமிருந்தால் மண்ணாங்கட்டி போல மொத்தென்று கேட்கும். காய்ந்தது ஓட்டுச் சில்லு போலக் கணீரென்று கேட்கும்.

இதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் லயத்தில் ஒரு மழைக்கால இரவில், குழந்தை பெற்ற அண்ணி குளிர் தாங்காமல் இருந்தார் என்று, உருண்டைகள் கனிந்த சட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டோம். புகை கொஞ்சமும் இல்லை, அதனாலேயே பயப்படவில்லை. விடியற்காலையில் பால் குடிக்கப் பிள்ளை அழவில்லையே என்று அம்மா கதவைத் தள்ளினார்கள். இருவரையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். பிழைத்துக்கொண்டார்கள். அண்ணிக்கு ஒரு வாரம் தலைவலி தீரவில்லை. விற்கும் பையில் இதை ஒரு வரியாவது அச்சடித்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை (ஈப்போ)

அது கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். புகை அடங்கிச் சிவந்து கனியும் தணல்தான் இதில் நம்மை ஏமாற்றுவது. காற்று குறைவாகக் கிடைக்கும் சாம்பல் மூடிய உருண்டையிலும் இது அதிகம் பிறக்கும். ஐயா மண் போட்டுச் சேமித்த ஊமைக் கனலுக்கு இந்த விலையும் உண்டு. அந்தக் காலச் சமையற்கட்டு லயத்தின் பின்புறம் திறந்தே கிடந்ததால் தப்பித்தீர்கள்.

கரிக்கடை மகன் (சுங்கை சிப்புட்)

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். முதல் 10 கிலோ முழுவதும் வீண். கஞ்சியைச் சரியாகக் கிளறாமல் இறக்கியதால் காய்ந்தபின் ஓரமெல்லாம் உதிர்ந்தது. இரண்டாவது முறை 600 கிராம் மாவு போட்டு, கண்ணாடி போலத் தெளியும்வரை காத்திருந்தேன். ஐந்து நாள் காய்ந்தது. ஓர் உருளையைக் குறித்துவைத்துக் காலை, மாலை நகைத் தராசில் நிறுத்தேன். எடை இறங்குவது நின்ற பிறகே அடுப்பில் வைத்தேன். மண்டோர் ஐயா சொன்ன கணீர் சத்தமும் அன்றுதான் கேட்டது.

பற்றுவதற்கு 20 நிமிடம் ஆனது. அடியில் நல்ல கரித் துண்டுகள் நான்கு வைக்க வேண்டியிருந்தது. பிறகு நடுத்துளையில் நீலச் சுடர் ஒன்று எழுந்து நின்றது. ஏழு உருளைகள் இரண்டரை மணி நேரம் எரிந்தன. இருவர் உட்கார்ந்து இடித்தால் மணிக்கு 6 கிலோதான் தேறுகிறது என்பதால், கூலி கொடுத்துச் செய்தால் கட்டுபடியாகாது. கடையில் ஆள் வராத நேரத்தில் நானும் தம்பியும் செய்வதனால் மட்டுமே கணக்கு நிற்கிறது.

சாத்தே அண்ணன் சொன்னபடி, நீண்ட நேரச் சூடு கேட்பவரைத் தேடினேன். சந்தைக்கு எதிரே ஆட்டெலும்பு சூப் விற்கும் அக்கா, பெரிய பானையை மாலையிலிருந்து நள்ளிரவுவரை கொதியடங்காமல் வைத்திருக்க வேண்டியவர். அவர் அடுப்பு திறந்தவெளியில்தான் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டேன். மூன்று கிலோவை இலவசமாகக் கொடுத்தேன். மறுநாள் அவரே கடைக்கு வந்து, கேஸ் தீயைக் குறைத்துக் குறைத்துப் பார்ப்பதைவிட இது கவலையில்லாமல் இருக்கிறது என்றும், வாரத்துக்கு 20 கிலோ வேண்டும் என்றும் சொன்னார்.

இந்த வாரம் காய்ந்து தயாராக இருப்பது 11 கிலோ. வியாழக்கிழமை மழையில் பந்தலின் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. நனைந்த மீதியை உடைத்து மறுபடியும் கஞ்சியில் பிசைந்துகொண்டிருக்கிறோம்.